சண்டைக்கு முந்தி நடந்தது

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு. தங்கச்சி போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு. ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன், ஒருத்தர் வாசலிலும் போய் நிற்காமல். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பேன். உக்கடம், போத்தனூர், மதுக்கரை மூன்றும் தூரத்திலேயே தெரிந்துவிடும். எழுதச் சொன்னால் கையெழுத்து மட்டும்தான். அதனால் நான் சொல்கிறேன், மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். கம்ப்யூட்டரில் படத்தை அசைய வைக்கிற படிப்புப் படிக்கிறாள். என்னோடு பருத்திக்காட்டுக்கு வந்தவர்களில் இன்னும் யார் யார் இருக்கிறீர்களோ, உங்களுக்குத்தான் இது. நீங்களும் அன்று களத்தில் நின்றீர்கள். நின்று கேட்டீர்கள்.

பேத்தி ஜப்பான்காரர்கள் வரைந்த சண்டைத் தொடர் ஒன்று பார்க்கிறாள். தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். முட்டி வலிக்கு மருந்து தேய்த்துக்கொண்டே நானும் கூட உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்து, இப்போது ஒரு பாகம் விடுவதில்லை. கதாநாயகன் கையில் ஓர் இரும்புக் குடை. விரித்தால் பெய்கிற மழை அந்தரத்தில் நின்றுவிடும். மடக்கினால் நின்ற துளியெல்லாம் ஊசியாகப் போய் எதிரியைக் குத்தும். இமைக்க மனசு வராது, அவ்வளவு அழகு.

போன வாரம் பார்த்ததில் ஒரு மலை, பனி, ஒரு பெரிய கதவு. கதவுக்கு முன்னால் ஒரு காவல்காரன். பாகம் முழுக்க அவனும் குடைக்காரனும் போடுகிற சண்டைதான். கடைசியில் காவல்காரன் விழுந்தான். அவன் விழுந்த இடத்தில் பனி மெள்ள எழும்பி மெள்ள அடங்கியது. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவன் எதுக்குக் கண்ணு அந்தக் கதவைக் காத்துட்டு நின்னான்?”

“தெரியலீங்க அம்மாயி. அதை அவங்க சொல்லவே இல்லை.”

“உள்ளார ஆராச்சும் இருந்தாங்களா?”

“அட, அது எதுக்குங்க? ஃபைட்டைப் பாருங்க. அந்த மணிக்கட்டு திரும்புதுல்ல, அதுக்கு மட்டும் எத்தனை படம் வரைஞ்சிருப்பாங்க! எங்க கிளாசுல நாலு நாளா இதே பேச்சு. கதை கொஞ்சம் வீக்குதான், ஒத்துக்கறேன். ஆனா ஸ்டைலு?”

“ஸ்டைலு இருக்குது. நான் இல்லைங்கலை. ஒரு ஆளு செத்துப் போனானே, அவன் ஆருன்னு தெரிய வேண்டாமா?”

“வில்லனுங்க அம்மாயி.”

“ஆரு சொன்னா?”

அவள் சிரித்துவிட்டாள். “நீங்க ரிவ்யூ பண்ணப் போலாம். அம்மாயி ரிவ்யூன்னு ஒரு சேனல் ஆரம்பிச்சுப்போட்டா பிச்சுக்கும்.”

நானும் சிரித்தேன். அப்புறம் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. உள்ளார ஆராச்சும் இருந்தாங்களா. என் வாயிலிருந்துதான் வந்தது அந்தக் கேள்வி. பத்து வயதில் நான் ஒரு களத்தின் நடுவில் நின்றபோது அதை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொல்லியிருக்கவும் வேண்டும்.

மதுக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டம். தோட்டத்துக்காரர் குடும்பம் வீட்டுக்குள் தெலுங்கு பேசும், எங்களிடம் தமிழ். அவர்கள் நிலத்து ஓரத்தில் வேலைக்காரர் வீடுகள் ஏழெட்டு. அதில் ஒன்று எங்களுடையது, பக்கத்து வீடு மடை மாமாவுடையது. வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடுவது அவர் வேலை, அதனால் எல்லாருக்கும் அவர் மடை மாமா. காது மந்தமான வயசான அப்பாவும், மனைவியும், என் வயதில் ஒரு மகளும் அவருக்கு.

அது பருத்தி வெடித்த காலம். மதுக்கரை சிமெண்டு ஆலைத் தூசி படிந்து இலையெல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கும். கையில் பட்டால் தோல் வறண்டுவிடும். வெடித்த காயின் ஓடு நகக்கண்ணில் ஏறும். மத்தியானம் கம்பஞ்சோற்றைக் கரைத்துக் குடிக்கும்போது மோர் பட்டு விரலெல்லாம் எரியும். உங்களுக்குத் தெரியாததா?

என் தாய்மாமன் டென்ட் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். அதனால் எனக்கு மட்டும் எந்தப் படமும் ஓசி. முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து மறுநாள் காட்டில் சொல்வேன். இடுப்பு மடி கட்டி நிரை நிரையாகப் பருத்தி எடுக்கிற நீங்கள், நான் சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து என் மடியில் போடுவீர்கள். சொல்லிக்கொண்டே எடுத்தால் கை ஓடாது அல்லவா, அதற்கு ஈடாக. சின்னப் பிள்ளை மடி பெரியவர்களுக்குச் சமமாக நிறையும். என் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். பேச மாட்டாள், ஆனால் நடையிலேயே தெரியும்.

முதல் நிரை பிடிக்கிற அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். வெற்றிலை போட்ட வாய், பெரிய குரல்.

“ஏ அம்மணி, அவங்கப்பன் ஆருன்னு எவளுக்கு வேணும்? சண்டைக்கு வா.”

“இல்லைங்கக்கா, அவன் தங்கச்சி கல்யாணம் நின்னு போச்சு, அதனாலதான் அவன்...”

“நின்னா நிக்கட்டும். இவ எடுத்த பருத்தியே வாடிப் போச்சு, இன்னும் தங்கச்சி கல்யாணத்துலயே நிக்கறா. கத்தியை எடுத்தானா இல்லையா?”

எல்லோரும் சிரிப்பீர்கள். நான் பருத்திமார்க் குச்சியை முறித்துக் கத்தியாகச் சுழற்றுவேன். வாயாலேயே உலோகச் சத்தம் கொடுப்பேன். கதை சொன்ன நாளில் மடி தொங்காது, சண்டை சொன்ன நாளில் கனக்கும். சீக்கிரமே படித்துக்கொண்டேன். படத்தில் இரண்டு சண்டை என்றால் காட்டில் நான்கு ஆயின. அடிப்பதற்கு முன்னால் ஆள் ஒரு வசனம் பேசினால் அக்கா “ஹா!” என்பாள். படத்தில் வசனம் இல்லாவிட்டால் நான் போட்டுக்கொள்வேன்.

மடை மாமாவின் மகள் மட்டும் அடுத்த நிரையிலிருந்து மெதுவாகக் கேட்பாள். “அப்பறம் அந்தத் தங்கச்சி என்னானா புள்ள?”

“உனக்கு எதுக்கு அது? சும்மா எடு.”

இனி, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் கிணற்றுக் குழாயின் அடிமுனையில் பாசி அடைத்துக்கொண்டது. மூழ்கிப் போய்க் கையால்தான் பறித்து எடுக்க வேண்டும். மடை மாமாவின் அப்பா அதில் கெட்டிக்காரர், மூச்சு நிற்கும் அவருக்கு. எங்கள் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. கிணற்றில் இறங்குகிறவர் தலையில் கட்டின துண்டை அவிழ்த்து, மேலே மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் கைப்பிடியில் கட்டிவிட்டு இறங்குவார். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. ஏறி வந்து அவரேதான் அவிழ்க்க வேண்டும். தோட்டத்துக்காரரே வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார். தண்ணீருக்குள் கை குழாய் வாயில் இருக்கும்போது மோட்டார் ஓடினால் இழுத்துவிடும், கரண்டு கசிந்தால் ஆளே மிஞ்சாது.

பெரியவர் அப்படித்தான் கட்டினார், சிவப்புக் கரை போட்ட துண்டு. கட்டிவிட்டு இறங்கினார். நான் தண்ணீர் குடிக்கத் தொட்டிக்கு வந்திருந்தேன். பார்த்தேன்.

தோட்டத்துக்காரரின் மச்சினன் சைக்கிளில் வந்தார். டவுனிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்த இளவட்டம். தலையில் வாசனை எண்ணெய். தொட்டியில் குழாய்த் தண்ணீர் விழ விழ நின்று குளிக்க வேண்டும் அவருக்கு. மோட்டார் ரூமுக்குப் போனார். துண்டை அவிழ்த்தார். சைக்கிள் ஹேண்டில்பாரைத் துடைத்துவிட்டு மண்ணில் போட்டார்.

கொஞ்சம் தள்ளி வாய்க்காலில் இருந்து மடை மாமா பார்த்துவிட்டார்.

“போடாதீங்க சின்னய்யா! உள்ளார எங்கப்பன் இருக்குதுங்க!”

மச்சினன் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். “ரெண்டு நிமிசம் குளிச்சுப்போட்டு நிறுத்திடறேன்” என்றார். என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவே இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கை கைப்பிடிக்குப் போனது.

மடை மாமா ஓடி வந்தார். பாயவில்லை, தாவவில்லை. ஒரு கால் சேற்றில் சிக்கி விழப் பார்த்து, பிடுங்கிக்கொண்டு வந்தார். கையில் இருந்த மண்வெட்டியைத் திருப்பி, காம்பால், அந்தக் கையில் ஒரே ஓர் அடி அடித்தார். பச்சைக் குச்சி முறிகிற சத்தம். அவ்வளவுதான். அடிக்கும்போது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிணற்று மேட்டுக்கு ஓடி, “அப்பா, அப்பா” என்று அழுதார். கீழே பெரியவர் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. கை நிறையப் பாசியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மேலே நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை.

மண்ணில் கிடந்த துண்டை நான் எடுத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் கதிரடிக்கிற களத்தில் கூட்டம். மச்சினன் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். தோட்டத்துக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர்.

“நீ அங்கதான இருந்தே கண்ணு? பயப்படாம சொல்லு. என்ன நடந்துச்சு?”

சுற்றிப் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். அன்றைக்கு ஆம்பளைகளும் இருந்தார்கள். முதல் நிரை அக்கா முன்னால் உட்கார்ந்து, “சொல்லு அம்மணி” என்று கண்ணைக் காட்டினாள். நான் அந்தத் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன், கத்திச் சண்டைக்காரன் கட்டுவது போல. கட்டிக்கொண்டு, சண்டைக்கு வந்தேன்.

மடை மாமா வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டினார் என்றேன். தாண்டிக் காட்டினேன். மண்வெட்டியைத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றினார், அதன் தகடு வெயிலில் மின்னியது என்றேன். சுற்றிக் காட்டினேன். அடிப்பதற்கு முன்னால் மீசையைத் துடைத்துக்கொண்டு, “இன்னையோட உன் கை உனக்கில்லைடா” என்று சொன்னார் என்றேன். கூட்டம் “ஹா!” என்றது. மச்சினனே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் அது பொய் என்று. ஆனால் அவருக்கு எவ்வளவு வசதியான பொய்!

“இல்லைங்க எசமான்” என்றார் மடை மாமா. “நான் அப்படி ஒண்ணும் பேசலைங்க. அப்பன் உள்ளார இருந்துச்சுங்க. துண்டு கட்டியிருந்தமுங்க. அந்தப் புள்ளை இடுப்புல இருக்குது பாருங்க, அதே துண்டுதானுங்க.”

எல்லோரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். சண்டைக்காரன் வேஷத்தில் நான் நின்றேன். யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும்.

“அது வெளையாட்டுக்குக் கட்டியிருக்குது. அதைப் போய்ச் சாட்சிங்கறே” என்றார் தோட்டத்துக்காரர். “பொழுது சாயறதுக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிக்க. போலீசு வரைக்கும் போகலைன்னு நெனச்சுக்க.”

அந்தச் சிரிப்பு எனக்காக என்று நினைத்துப் பூரித்து நின்றேன். அப்போது பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே, பிள்ளை ஏதோ நன்றாகச் செய்திருக்கிறது என்று அவரும் சிரித்தார். என் கன்னத்தைத் தட்டினார்.

“துண்டைக் குடு அம்மணி. குளுருது.”

அவிழ்த்துக் கொடுத்தேன். தோட்டத்துக்காரர் வீட்டம்மா எனக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுத்தார். முழுசையும் தின்றேன்.

அவர்கள் போத்தனூர்ப் பக்கம் நடந்தார்கள், பாத்திரம் கட்டின மூட்டைகளோடு. மகள் மட்டும் என் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

“எங்கப்பன் அப்படியா சொல்லுச்சு புள்ள? கை உனக்கில்லைடான்னு?”

“அப்படித்தான் சொல்லுச்சு” என்றேன்.

களத்தில் சொன்னதைக்கூட சின்னப் பிள்ளை, கூட்டத்தைக் கண்டு துள்ளிவிட்டது என்று ஒதுக்கலாம். இது அப்படி இல்லை. அங்கே கூட்டம் இல்லை, அவள் ஒருத்திதான் நின்றாள்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துண்டை யார் அவிழ்த்தது என்பது வரைக்கும். வாயிலேயே அடித்தாள்.

“நேத்துச் சொல்றதுக்கு என்ன கேடு? இப்பச் சொன்னா அவங்களைத் திருப்பிக் கூப்பிடுவாங்கன்னு பாத்தியா? நம்மளையும் பின்னாலேயே தொரத்திப்போடுவாங்க. வாயைத் தொறந்தே, கொன்னுபோடுவேன்.”

அவள் அடித்தது கோபத்தில் என்று அப்போது நினைத்தேன். பயத்தில் என்று இப்போதுதான் தெரிகிறது. துண்டைப் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிறந்ததிலிருந்து கிணற்றோடு வாழ்ந்த தோட்டத்துக்காரருக்கா தெரியாது? எதிரே ஒரு கிழவர் நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறார். “அந்தத் துண்டை எங்கே எடுத்தே கண்ணு” என்று ஒரு வார்த்தை. கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் பெண்டாட்டியின் தம்பியை என்ன செய்வது? நான் போட்ட ஆட்டத்தில் யாரும் எதுவும் கேட்க வேண்டாமல் போயிற்று. இதைச் சொல்லி என் பங்கைக் குறைத்துக்கொள்ளவில்லை. அவரவர் பங்கு அவரவருக்கு இருக்கிறது.

நாலு நாள் கழித்துக் காட்டில் உங்களிடம் உள்ளபடி சொல்ல ஆரம்பித்தேன், கிணற்றில் பெரியவர் இறங்கியதிலிருந்து. சுற்றாமல், தாவாமல் சொன்னேன். பாதியில் முதல் நிரை அக்கா நிமிராமலே, “அதை உட்டுட்டு வேற சொல்லு கண்ணு” என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி அன்றைக்குத்தான் கேட்டேன். யாரும் என் மடியில் ஒரு பிடி போடவில்லை. அதற்குப் பிறகு மாமன் எத்தனையோ தரம் கூப்பிட்டும் நான் டென்ட் கொட்டகைக்குப் போகவில்லை. பிள்ளைகள் ஆறு பேருக்கும் ஒரு கதை சொன்னதில்லை. கல்நெஞ்சுக்காரி என்றுகூட என் மகள் சொல்லியிருக்கிறாள்.

நேற்று முன்தினம் மதுக்கரையில் ஒரு சாவு. போயிருந்தேன். பந்தலில் ஒரு கிழவர் இளவட்டங்களுக்குப் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று களத்தில் சிறுவனாக நின்றவராக இருக்க வேண்டும். எழுந்து நின்று, கையில் மண்வெட்டி இருப்பது போலத் தலைக்கு மேலே சுழற்றினார்.

“மூணு சுத்து! மம்முட்டி வெயில்ல பளபளன்னு மின்னுது. ‘இன்னையோட உன் கை உனக்கில்லைடா’ன்னாரு பாருங்க. அந்தக் காலத்து ஆளுகன்னா ஆளுக!”

அறுபத்தாறு வருடம். ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை. கிணறு இல்லை, பெரியவர் இல்லை, துண்டு இல்லை. நான் விட்டது எல்லாம் விட்டபடியே இருந்தது.

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலை பூராவும் வெள்ளை. மடை மாமாவின் மகள் என்று அவள் பேசிய பிறகுதான் தெரிந்தது.

“நல்லாருக்கியா புள்ள?” என்றாள். பிறகு அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “எங்கப்பன் சாகற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. நான் அப்படிப் பேசலை சாமி, உங்க தாத்தன் உள்ளார இருந்தாருன்னு. பேசலைன்னதை நான் நம்பலை. நீ பாத்தவ, நீயே சொன்னியே. கோவக்காரன், வாய்க்கொழுப்பால எங்களை நடுத்தெருவுல உட்டுட்டான்னு கடைசி வரைக்கும் சரியாப் பேசாம இருந்துட்டேன். கஞ்சி ஊத்துவேன், மூஞ்சியைப் பாக்க மாட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சாவு வீடு, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் என் முதுகைத் தடவிவிட்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு போத்தனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நாளைக் காலை நானும் பேத்தியும் அந்தப் பஸ்ஸில் அவளைத் தேடிப் போகிறோம். நேரே நின்று சொல்ல எனக்கு வாய் வராது. வந்தாலும் என் வாயை நான் நம்பவில்லை. அதனால்தான் எழுத வைத்தேன், பேத்தி அவளுக்கு வாசித்துக் காட்டுவாள்.

“ஏனுங்க அம்மாயி” என்கிறாள் பேத்தி இப்போது, “அந்த மம்முட்டி அடிக்கிற இடத்தைத் தூக்கி மொதல்ல வெச்சுட்டா? படிக்கறவங்க டக்குனு உள்ள வந்துருவாங்க.”

“வெக்காதே.”

“சரிங்க. அந்த அம்மா இதைக் கேட்டுட்டு உங்களைத் திட்டி அனுப்பிச்சுட்டா?”

“திட்டட்டும். அவ அப்பனை அவளுக்குக் குடுத்துப்போட்டு வாங்கிக்கறேன். சேத்துல காலு சிக்குனதை எழுதியிருக்கியா?”

“எழுதியிருக்கறேனுங்க.”

“காம்பாலன்னு?”

“காம்பால. ஒரே ஒரு அடி.”

“அப்ப மறுக்கா ஒருவாட்டி வாசி, நான் கேக்கறேன். குரலை ஏத்தாதே, இறக்காதே. அந்த மனுசன் பேசாத வார்த்தை ஒண்ணு அவர் வாயில இருந்தாலும் நிறுத்திப்போடு. ம், வாசி கண்ணு.”